கழிக்காத ஒரு மீட்டர்

மருங்காபுரி,

இன்று காலை உன் நாடாவை இழுத்தேன். பதினெட்டாவது மீட்டருக்குப் பக்கத்தில் நீலச் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. ஒரு விரல் நீளம் இருக்கும். கட்டைவிரலால் தேய்க்கப் போனேன், பிறகு கையை எடுத்துக்கொண்டேன். எட்டு மாதமாக அந்த நாடா என் பையில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் இழுக்கவேண்டிய வேலை இதுவரை வரவில்லை, அதனால் பார்க்கவில்லை.

உன் பெயரை எழுதவில்லை. நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முதல் நாள் வகுப்பில், டிசைன் சொல்லித்தருகிற ஸ்டுடியோ சார் ஒவ்வொருவரையும் எழுப்பி ஊர் கேட்டார். பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் நான் லால்குடி என்றேன், நீ மருங்காபுரி என்றாய். "அது எங்கம்மா இருக்கு?" என்று உன்னைக் கேட்டார். "இதே மாவட்டம்தான் சார்" என்றாய். வகுப்பு சிரித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நீ மருங்காபுரி, நான் லால்குடி.

கட்டடக்கலை ஐந்து வருடம் முடித்துவிட்டு இன்னும் இரண்டு வருடம் படிக்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்றால் என்ன என்று இரண்டு பேர் வீட்டிலும் தெரியாது. "ஏழு வருசம் படிச்சிட்டுப் புல்லு நடப் போறியா?" என்று என் அப்பா கேட்டதைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "எங்கப்பா அப்படிக் கேக்கலடி. புல்லு மொளைக்க ஒரு படிப்பு இருக்குன்னா படி தாயி, நம்ம காட்டுக்கு ஆகும்னாரு" என்றாய். அதற்கு அப்புறம்தான் சிரித்தாய்.

அந்த நாடாவை நீ காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினாய். முப்பது மீட்டர் நாடா, முதல் மீட்டர் அறுந்து போயிருந்தது. எந்த அளவு எடுத்தாலும் ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டும். வகுப்பில் பாதிப் பேரிடம் லேசர் கருவி இருந்தது. பொத்தானை அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், திரையில் எண் வரும். "இதைத் தூக்கிப் போடுடி" என்றேன்.

"ஒண்ணு இல்லன்னா என்ன? கழிச்சுக்கிட்டா போச்சு. எங்க ஊர்ல எல்லாமே ஒண்ணு கம்மியாத்தான் இருக்கும். ஒரு மழை கம்மி, ஒரு பஸ்ஸு கம்மி, ஒரு டாக்டர் கம்மி. கழிச்சுப் பழகுன ஆளுங்கடி நாங்க."

இரண்டாவது செமஸ்டரில் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம் போகும் அந்தத் தெருவை அளக்கச் சொன்னார்கள். நடைபாதையும் வடிகாலும் கட்டப்போகிற ஒரு கம்பெனிக்கு நம் துறை வரைபடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. துறைக்குப் பெருமை. கம்பெனிக்கு மாணவர்களின் வெயில் இலவசம். 'களப் படிப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நம் பங்குக்கு வந்தது ஏழு புங்க மரங்கள் இருந்த பகுதி. மற்றவர்கள் மரத்தை அளந்தார்கள். நீ நிழலை அளந்தாய். காலை எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு என்று ஒவ்வொரு மரத்தின் நிழலையும் தார் ரோட்டில் நீலச் சாக்பீஸால் சுற்றி வரைந்தாய். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "என்னம்மா, எலக்‌ஷன் பூத்தா?" என்று ஒருவர் கேட்டார். "உங்க நிழலுக்குப் பட்டா போடறோம்ண்ணே" என்றாய் நீ, தலை நிமிராமல்.

ஐந்தாவது மரத்தடியில் பாக்கியம் அக்காவின் இஸ்திரி வண்டி நின்றது. நீ வரைந்த கோட்டை எட்டிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "இதுக்கு எதுக்கு பாப்பா சாக்பீஸு? என் வண்டியைப் பாரு. நிழலு நகந்தா நானும் நகருவேன். பத்து மணிக்கு இங்க, ரெண்டு மணிக்கு அந்தக் கேட்டுகிட்ட. அந்த மாமி கத்துவாங்க. நாலு மணிக்கு மறுபடி இங்க." நீ அதை அப்படியே குறித்துக்கொண்டாய். மாமி கத்துவதைக்கூட.

நாம் அளக்கும் முறை உனக்கு நினைவிருக்கும். அறுந்த முனையை நான் காம்பவுண்டுச் சுவரில் வைத்து அழுத்திக்கொள்வேன். நீ மரத்தடியில் நின்று எண்ணைப் படித்து, மனதிலேயே ஒன்றைக் கழித்துக் கத்துவாய். நான் நோட்டில் எழுதுவேன். கழிக்கிற வேலை உன்னுடையது. எழுதுகிற வேலை என்னுடையது.

நான்கு மரம் முடிந்தது. ஐந்தாவதுக்கு வந்தபோது பாக்கியம் அக்கா உன்னைக் கூப்பிட்டார். வண்டியில் ஒரு ஒன்பது கஜப் பட்டுப் புடவை. தேய்த்துவிட்டு ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. "பாப்பா, ஒரு கை பிடி. தரையில பட்டா என்னைத் தொலைச்சிருவாங்க." நீ நாடாவை என்னிடம் போட்டுவிட்டு ஓடினாய். புடவையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து நடந்து ரோட்டுக்கே போய்விட்டாய். ஒரு ஸ்கூட்டர்காரர் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார். "என்னடி பாக்குற, நீ உன் வேலையப் பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

நான் என் வேலையைப் பார்த்தேன். நாடாவின் முனையைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு மரத்துக்கு நடந்தேன். மூன்று புள்ளி நான்கு. திரும்பி வந்து நோட்டில் 3.40 என்று எழுதினேன்.

கழிக்கவில்லை.

நீ திரும்பி வந்து ஆறாவதையும் ஏழாவதையும் படித்தாய். நடுவில் ஒன்று உன் கையால் நடக்கவில்லை என்பதே உனக்கு நினைவில் தங்கவில்லை. எனக்குத் தங்கியது. நான்தான் கம்ப்யூட்டரில் வரைந்தேன். ஆறு வட்டங்கள் ஒரே கோட்டில் நின்றன. ஐந்தாவது மட்டும் தெருப் பக்கம் ஒரு எட்டு வைத்த மாதிரி வெளியே வந்திருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது. மரங்கள் நேர்க்கோட்டில்தான் நிற்கவேண்டுமா என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனேன். படத்தின் மூலைக் கட்டத்தில் தட்டச்சு செய்தேன்: அளவு, உன் பெயர். வரைவு, என் பெயர்.

மார்ச் கடைசியில் ஜூரி. அந்தத் தெருவுக்கு நாம் தனித்தனியாகப் போட்ட டிசைன்களை மதிப்பிட வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எல்லோருடைய படத்திலும் அதே வெள்ளைக்காரத் தம்பதி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதே குழந்தை அதே சிவப்பு பலூனோடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மனிதர்கள். ஸ்ரீரங்கத்துத் தெருவில் அந்த நாய் எத்தனை முறை நடந்தது என்று நாம் எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தோம். உன் படத்தில் மட்டும் பாக்கியம் அக்கா, கரிப்புகையோடு.

"இது என்ன?" என்றார் வந்தவர்.

"இஸ்திரி வண்டி சார். நிழலோட சேந்து நகரும். அதுக்கு நடைபாதையில இடம் விட்டிருக்கேன்."

"இது ஆக்கிரமிப்பும்மா. இத எடுத்துட்டுப் பாருங்க, டிசைன் எவ்ளோ சுத்தமா இருக்கு."

"அவங்கள எடுத்துட்டா அந்த நிழல் யாருக்கு சார்?"

ஸ்டுடியோ சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாய் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் நல்ல மதிப்பெண் வந்தது.

ஏப்ரலில் ஒரு காலை நீ போன் செய்தாய். "லால்குடி, அஞ்சை வெட்டறாங்கடி. சீக்கிரம் வா." நான் போனபோது கிளைகள் விழுந்திருந்தன, அடிமரம் நின்றது. அதில் சிவப்பு பெயின்ட்டில் பெருக்கல் குறி. வடிகால், காம்பவுண்டுச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஆரம்பிக்கிறது. நம் படத்தில் ஐந்தாவது மரம் அதன் நடுவில் நின்றது. அதனால் வெட்டுகிறார்கள்.

நீ நாடாவை எடுத்தாய். நான் முனையைப் பிடித்தேன். படித்தாய். கழித்தாய். "ரெண்டு புள்ளி நாலு" என்று மெதுவாகச் சொன்னாய், இந்த முறை கத்தவில்லை. நாடாவைக் கீழே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"நான்தான்டி. நான் கழிக்காம சொல்லியிருக்கேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். இல்லை, அது நான் படித்தது, நீ புடவை மடித்துக்கொண்டிருந்தாய். ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அது பயம்கூட இல்லை. பழி கீழே விழுவதற்குள் நீ எடுத்துக்கொண்டாய், எனக்குச் சுமை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

மேற்பார்வை பார்த்த இன்ஜினீயரிடம் நீ கெஞ்சினாய். "படத்துல தப்பு சார். வடிகால் மரத்தத் தொடவே தொடாது, நீங்களே பாருங்க."

"நாங்களா வரைஞ்சோம்? உங்க காலேஜ் படம்தாம்மா. ஒப்புதல் ஆயிருச்சு. மாத்தணும்னா மேல போயி எழுதி வாங்கிட்டு வாங்க."

"அதுவரைக்கும் நிறுத்துங்க சார்."

"கிளை போயிருச்சேம்மா. இனிமே நின்னா என்ன, விழுந்தா என்ன?"

எப்போதும் கத்துகிற அந்த மாமி கேட்டில் நின்றார். "வெட்டட்டும்மா. எலை கொட்டி மாளல. கார் திருப்ப முடியல. அந்த வண்டிக்காரி வேற வாசல்லயே குடித்தனம் பண்றா."

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் செய்தது பிழை. ஆனால் அந்தப் பிழை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மாமிக்கு, கம்பெனிக்கு, விறகு ஏற்ற வந்த லாரிக்கு. வசதியாக இருக்கிற பிழையை யாரும் திருத்தமாட்டார்கள். மரம் உண்மையிலேயே சாலைக்குள் நின்றிருந்தாலும், அதைப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் காக்க நினைத்திருந்தால் வடிகால் வளைந்து போயிருக்கும். இதைச் சொல்லி என்னை நான் மன்னித்துக்கொள்ளவில்லை. இரண்டும் உண்மை.

நீ பாக்கியம் அக்காவிடம் போனாய். வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என் தப்புக்கா, நான் அளந்தது தப்பாப் போச்சுக்கா" என்று அழுதாய். நான் உனக்குப் பக்கத்தில் நின்றேன். உன் பையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அழுவாத பாப்பா. நகர்றது எனக்கு என்ன புதுசா?" என்றார் அக்கா.

நீயே ஸ்டுடியோ சாரிடம் போய்ச் சொன்னாய். அவர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த நாடாவைத் தூக்கிக் காட்டினார். "முழுசா ஒரு டேப் வாங்க முடியாதவங்க எல்லாம் எதுக்கும்மா இந்தப் படிப்புக்கு வர்றீங்க?" முதல் நாள் மாதிரியே வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவுமில்லை.

மே மாதப் பயிற்சிக்கு மற்றவர்களை ஏசி அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். என்னையும். உனக்கு மட்டும், "அளக்கிற பழக்கம் வரணும், சைட்டுக்குப் போ" என்று சொல்லிச் சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மனைப்பிரிவைக் கொடுத்தார்கள். ஒரு மரம் இல்லாமல் மழித்த நிலம். அதில் பேரீச்சை நடக் குழிகளுக்கு இடம் குறிக்கவேண்டும். பேரீச்சை நிழல் தராது. விளம்பரப் படத்தில் நன்றாக நிற்கும்.

ஒரு மத்தியானம் எனக்குப் போட்டோ அனுப்பினாய். புதிய தார் ரோட்டில் உன் செருப்பைச் சுற்றி ஒரு கைக்குட்டை அளவு நிழல். அதைச் சுற்றி நீலச் சாக்பீஸ் கோடு. கீழே எழுதியிருந்தாய்: "இந்த சைட்ல மொத்த நிழலும் இவ்ளோதான்டி. நான்தான் மரம்." நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து நீ அந்த ரோட்டிலேயே விழுந்தாய். வெயில் தாக்கியது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவில்லை, சாயங்காலம் போய்விட்டாய். காலையில் சாப்பிடாமல் வந்தாளாம் என்று சைட்காரர்கள் சொன்னார்கள். கல்லூரியும் அதையே சொன்னது. ஒரு கூரைத் தகடுகூடப் போடாத இடத்தில் ஒரு பெண்ணை நிற்க வைத்துவிட்டு, அவள் இட்லி சாப்பிட்டாளா என்று விசாரணை நடந்தது.

மருங்காபுரிக்கு வந்தேன். உன் ஊரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். உன் அப்பா வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வெயில்லயே பொறந்து வெயில்லயே வளந்த புள்ளம்மா. அவளையா வெயிலு கொன்னுச்சு?" என்று என்னைக் கேட்டார். பிறகு உள்ளே போய் இந்த நாடாவை எடுத்து வந்து கொடுத்தார். "நீ வச்சுக்க தாயி. இதுல ஒரு மீட்டர் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். போன மாசம் வந்தப்ப, ஒரு மரத்த வெட்ட வச்சிட்டேன்பான்னு அழுதுச்சு. நெசமாம்மா?"

"தெரியலப்பா" என்றேன்.

மறுபடியும் மறைத்தேன். உன் வீட்டு வாசலில், உன் அப்பாவின் முகத்துக்கு நேராக.

கல்லூரியில் உன் பெயரில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு செடி நட்டார்கள். பேச்சு, கைதட்டல், போட்டோ. அடுத்து வந்த விடுமுறையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நானும் ஊற்றவில்லை, ஊரில் இருந்தேன். இப்போது கம்பி வேலியும் உன் பெயர்ப் பலகையும் இருக்கின்றன, நடுவில் காய்ந்த குச்சி. நிலத்தை வடிவமைக்கச் சொல்லித் தருகிற துறை அது.

இப்போது நான்காவது செமஸ்டர். நேற்று ஸ்டுடியோ சார் கூப்பிட்டு, நம் தெருப் படத்தை ஜூனியர்களுக்கு மாதிரியாகக் கொடுக்கச் சொன்னார். திறந்து பார்த்தேன். ஐந்தாவது வட்டம் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றது. மூலையில், அளவு என்ற இடத்தில், உன் பெயர்.

போய்ச் சொன்னேன். "சார், அஞ்சாவது மரத்த அவ அளக்கல. நான் அளந்தேன். தப்பு என்னுது."

"இப்ப எதுக்கும்மா இது? அந்தப் பொண்ணே போயிருச்சு. நீ தீசிஸப் பாரு. இன்னும் மூணு மாசத்துல வெளிய போகணும்."

"அவளைக் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் பேசுனீங்க சார்."

"நான் என்ன கனவா கண்டேன்? அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமில்ல?"

அந்த மனிதர் சொன்னதில் எனக்கு மறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

இன்று காலை தெருவுக்குப் போனேன். வடிகால் முடிந்து மூடி போட்டுவிட்டார்கள். அடிமரத்தைத் தரையோடு அறுத்து அதைச் சுற்றி சிவப்புக் கல் பதித்திருக்கிறார்கள். தெருவின் முழு அகலத்தையும் அளந்தேன், அப்போதுதான் நீலம் தெரிந்தது. பிறகு முனையை அதே ஆணியில் மாட்டினேன். மூன்று புள்ளி நான்கு. கழித்தேன். வடிகாலுக்கும் அந்த மரம் நின்ற இடத்துக்கும் நடுவில் இப்போது ஒரு சைக்கிளை நீளவாக்கில் நிறுத்தலாம்.

பாக்கியம் அக்கா தெருக்கோடியில் ஒரு மதில் ஓரம் இருந்தார். வண்டியில் ஒரு கறுப்புக் குடையைக் கயிற்றால் கட்டியிருந்தார். நகர்வதற்கு இப்போது நிழல் இல்லை, வெயில் வந்தால் குடையைத்தான் திருப்புகிறார். நாமெல்லாம் வரைபடத்தில் 'தெருவோரப் பயன்பாடு' என்று எழுதினோமே, அது இதுதான்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஆணியிலிருந்து 3.40 வரை. அவர் பெட்டியை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் பெட்டியை அதன் தட்டில் வைத்தார்.

"அந்தப் பாப்பா இந்த வண்டியப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சே. அப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாக்கா."

"அதோட பைய வச்சிருந்த."

"ஆமாக்கா."

வண்டியில் ஒரு ஒன்பது கஜம் தேய்த்து முடித்துக் கிடந்தது. நான் மறு முனைக்குக் கை நீட்டினேன். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிர்ச்சாரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ செல்வி, பூவ வச்சிட்டு வா. ஒரு கை புடி."

பூக்காரப் பெண் எழுந்து வந்து மறு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் புடவையை விரித்தார்கள். நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

திரும்பி வந்து படத்தைத் திருத்தினேன். ஐந்தாவது வட்டத்தை 2.40க்கு இழுத்து வரிசையில் வைத்தேன். இப்போது அங்கே மரம் இல்லை, அதனால் புள்ளிக்கோட்டால் வரைந்தேன். அளவு என்ற இடத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் 'மரம் 5 தவிர' என்று சேர்த்து, என் பெயரை எழுதினேன். ஜூனியர்கள் அச்செடுப்பார்கள். அந்த மூலையை யாரும் படிப்பதில்லை, நாமும் படித்ததில்லை.

உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். உங்கள் ஊர் பஸ்ஸில் ஒன்று குறைந்தால் அடுத்ததற்கு நிற்பேன். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகு எதுவும் சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

நீலத்தைத் துடைக்கவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்திருக்கிறேன். வேறு நாடா வாங்கப்போவதில்லை. கழிக்கிற வேலை இனி என்னுடையது.

— லால்குடி